கெட்ட செய்தியை யார் சொல்வது?



பன்னாட்டு வணிகத்தில் நாட்டுக்கு நாடு பேச்சுமுறை எப்படி மாறுகிறது என்பதைப் பற்றிப் பேசும்படி இந்த அறக்கட்டளையினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். இந்தப் பொருளில் வெளிவரும் நூல்கள் பலவும் விசிட்டிங் கார்டை எந்த நாட்டாரிடம் எப்படி நீட்டுவது, எந்த ஊர் விருந்தில் விலைப்பேச்சை எப்போது எடுப்பது என்பதோடு நின்றுவிடுகின்றன. அவை பயனற்றவை அல்ல. ஆனால் கார்டை நீட்டிய முறை பிசகி முறிந்துபோன கூட்டுத்தொழில் எதையும் நான் அறியேன். தொழில் முறிவது வேறோர் இடத்தில். ஒரு கெட்ட செய்தி இருக்கிறது. அதை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அறிய வேண்டியவர் காதுக்கு அது உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1990 ஜனவரி 25 அன்று இரவு, கொலம்பியாவின் அவியாங்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம் பொகோட்டாவிலிருந்து மெடயின் வழியாக நியூயார்க்கை நெருங்கிக்கொண்டிருந்தது. 158 பேர் அதில் இருந்தார்கள். வானிலை மோசம். நியூயார்க்கில் நெரிசல். வானிலேயே வட்டமிட்டுக் காத்திருக்கும்படி மூன்று முறை சொல்லப்பட்டு, மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் எரிபொருள் வீணாயிற்று. தங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று துணை விமானி சொன்னார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் பிறகு சொன்னார். ஆனால் அவசரநிலையை அவர் கடைசிவரை அறிவிக்கவில்லை. தரைக்கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களும் அதை அவசரநிலையாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் முறை இறங்க முயன்றது தவறிப்போக, இரண்டாம் முறைக்குத் திரும்பும்போது எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. லாங் ஐலண்டின் கோவ் நெக் என்னும் சிற்றூரில் விமானம் விழுந்தது. 73 பேர் மாண்டார்கள்.

நிர்வாகவியல் வகுப்புகளில் இந்த விபத்துக்கு ஒரு விளக்கம் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. கொலம்பியர் அதிகாரத்துக்குப் பணிந்தவர். நியூயார்க் கட்டுப்பாட்டாளர் அதட்டிப் பேசுபவர். பணிந்தவர் வாய் திறக்கவில்லை என்பது அந்த விளக்கம். அதில் உண்மை ஓரளவு இருக்கலாம். ஆனால் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து எழுதியதைப் பாருங்கள். எரிபொருளைச் சரிவரக் கவனிக்காததும் அவசரநிலையைத் தெரிவிக்காததும் விமானிகளின் தவறு என்று அது சொன்னது. அதோடு நிற்கவில்லை. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியதில் இருந்த குறையையும், எரிபொருள் குறைவைச் சொல்வதற்கென்று விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் பொதுவான, ஐயத்துக்கு இடமில்லாத சொற்கள் இல்லாமற் போனதையும் விபத்துக்குத் துணைக்காரணங்களாகச் சேர்த்தது. பின்னாளில், 2012-இல், பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு அப்படிப்பட்ட சொற்களை உலகம் முழுமைக்கும் விதியாக்கியது. இன்று எந்த நாட்டு விமானியும் எரிபொருள் அவசரநிலையைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு வகுத்துவைத்த அறிவிப்பு இருக்கிறது. அதைச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று யாரும் எண்ண முடியாது. அது சட்டம்.

இதை ஏன் முதலில் சொன்னேன் என்றால், நான் சொல்ல வந்த கருத்தின் கரு இதற்குள் இருக்கிறது. பேச்சுமுறை வேறுபாடு மெய்யானது. ஆனால் அதைத் தீர்க்கும் வழி மனிதரின் இயல்பை மாற்றுவது அல்ல. கெட்ட செய்தியைச் சொல்பவருக்கு அதனால் கேடு வராதபடி ஓர் இடத்தை உண்டாக்கித் தருவதே வழி. அந்த இடத்தை உண்டாக்கும் கடமை கேட்பவருடையது. அதிலும் அதிகாரம் உள்ள கேட்பவருடையது.

வேறுபாடு மெய்யானது என்றேன். அதை முதலில் ஆராய்ந்து எழுதியவர்களில் தலையாயவர் அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால். 1950-களின் முற்பகுதியில் வெளிநாடு செல்லும் அமெரிக்க அலுவலர்களுக்கு வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனத்தில் வகுப்பெடுத்தவர். 1959-இல் பேசாமலே பேசும் மொழியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1976-இல் எழுதிய இன்னொரு நூலில், சூழலைச் சார்ந்த பேச்சு, சொல்லைச் சார்ந்த பேச்சு என்று இரண்டு முனைகளைக் காட்டினார். முதல் வகையில் செய்தியின் பெரும்பகுதி பேசுவோரின் உறவிலும் இடத்திலும் முன்பே தெரிந்தவற்றிலும் அடங்கியிருக்கும். சொல்வது கொஞ்சம், உணர்வது மிகுதி. இரண்டாம் வகையில் எல்லாம் சொல்லுக்குள் வந்தாக வேண்டும். ஜப்பானியரை ஒரு முனைக்கு அருகிலும் ஜெர்மன் பேசும் சுவிஸ் மக்களை மறுமுனையிலும் அவர் வைத்தார்.

நம் அவையில் இதை விளக்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வள்ளுவர் அமைச்சியலில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். குறிப்பறிதலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். முன்னது பேசுபவனின் பொறுப்பு, பின்னது கேட்பவனின் பொறுப்பு. இரண்டையும் ஒரே இயலுக்குள், ஒரே அமைச்சனிடம் எதிர்பார்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஹால் இரண்டு நாடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்ததை வள்ளுவர் ஓர் ஆளுக்குள்ளேயே சேர்த்துவைத்தார்.

ஹாலுக்குப் பின் வந்தவர் நெதர்லாந்தின் கீர்ட் ஹொஃப்ஸ்டெட. ஐபிஎம் நிறுவனத்தின் கிளைகளில் பணியாற்றியோரிடம் 1967-க்கும் 1973-க்கும் இடையில் திரட்டிய 1,16,000-க்கும் மேற்பட்ட வினாத்தாள்களைக் கொண்டு, 1980-இல் நாற்பது நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். அதிகாரத்துக்கு எவ்வளவு பணிவார்கள், ஐயத்தை எவ்வளவு பொறுப்பார்கள் என்பன போன்றவற்றுக்கு நாட்டுக்கு ஓர் எண். பெரிய உழைப்பு, மறுக்க முடியாது. ஆனால் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே அளக்க முடியுமா என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை எழுப்பப்பட்டு வருகிறது. இந்தியா முழுவதற்கும் ஓர் எண்! காஞ்சிபுரத்துப் பட்டு வணிகருக்கும் லூதியானாவின் பின்னலாடை முதலாளிக்கும் அதே எண். கமிஷன் மண்டியில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுபவருக்கும், தாலுகா அலுவலகத்தில் மனுவோடு நிற்பவருக்கும் அதே எண். ஒரே மனிதர் காலையில் மண்டியிலும் மாலையில் அலுவலகத்திலும் நின்றால், பேச்சு மாறுகிறதே? நாடு மாறவில்லை. பேசினால் என்ன ஆகும் என்பதுதான் மாறியது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதையைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும்.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. அந்நிறுவனத்தின் ஆலைகளிலேயே மோசமானவற்றுள் ஒன்று என்று பெயர் எடுத்தது. எந்த நாளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஓயாத சண்டை. அங்கே ஒரு விதி எல்லா விதிகளுக்கும் மேலானது: லைன் நிற்கக் கூடாது. கார் பிழையோடு நகர்ந்து வந்தாலும் அப்படியே போகட்டும், கடைசியில் எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். பிழையைக் கண்ணால் பார்த்த தொழிலாளி அதைச் சொல்ல இடமில்லை. 1982-இல் ஆலையை மூடினார்கள்.

1984-இல் அதே ஆலை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்தும் நூமி என்ற கூட்டுத்தொழிலாக மறுபடி திறந்தது. ஆலை நிர்வாகம் டொயோட்டாவிடம். ஆட்கள் யார்? பெரும்பாலும் பழைய ஃப்ரீமாண்ட் தொழிலாளர்களே. அதே சங்கம். டொயோட்டா அவர்களில் நூற்றுக்கணக்கானோரை ஜப்பானுக்கு, தன் டகாவோகா ஆலைக்கு அனுப்பி, அங்குள்ளவர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்யவைத்தது. அங்கே அவர்கள் கண்டது ஒரு கயிறு. லைனின் நெடுகிலும் தலைக்கு மேலே ஓடும் ஆண்டான் கயிறு. பிழை கண்ட தொழிலாளி யாராயினும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத்தலைவர் ஓடிவருவார். அடுத்த கட்டத்துக்குக் கார் நகர்வதற்குள் சரிசெய்ய முடிந்தால் நல்லது. இல்லையென்றால் லைன் நிற்கும். ஓடிவந்தவர் திட்டவில்லை. என்ன சிக்கல், எப்படி உதவலாம் என்று கேட்டார். லைனை நிறுத்தினால் வேலை போய்விடும் என்ற எண்ணத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு கேள்வியை நாம் தவிர்க்கக் கூடாது. ஹாலின் கணக்குப்படி ஜப்பானியர் மறைமுகமாகப் பேசுபவர்கள். அமெரிக்கர் பளிச்சென்று பேசுபவர்கள். அப்படியானால் ஃப்ரீமாண்டில் வாய்மூடிக் கிடந்தது அமெரிக்கர், பேச வழி வகுத்துக் கொடுத்தது ஜப்பானியர் என்பது எப்படி? ஜப்பானிய நிறுவனத்தில் கூட்டம் கூடும் முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து ஒப்புதல் பெற்றுவிடுவார்கள். நெமவாஷி என்பார்கள் இதை. கூட்டத்தில் எதிர்த்துப் பேச்சு எழுவது அவர்களுக்குக் கூச்சம் தருவது. அப்படிப்பட்டவர்கள்தாம் இந்தக் கயிற்றைக் கண்டார்கள். நான் இதை முரண்பாடாகப் பார்க்கவில்லை. மேலதிகாரியிடம் வாயால் மறுத்துப் பேசுவது தம் மக்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை அறிந்திருந்ததால்தான், வாய் திறக்கத் தேவையே இல்லாத ஒரு வழியை அவர்கள் மதித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கயிற்றை இழுப்பவர் யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. இழுத்தால் போதும்.

கயிறு மட்டும் போதாது. வேலை உறுதியும் வேண்டியிருந்தது. நிறுவனத்தின் இருப்புக்கே ஆபத்து வந்தாலொழிய ஆட்குறைப்பு செய்வதில்லை என்று நூமி சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1988 வாக்கில் அங்கே செய்த செவர்லே நோவா கார் விற்பனை சரிந்தது. ஆலையின் திறனில் பெரும்பங்கு சும்மா கிடந்தது. ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை; வேலையில்லாத நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஆண்டில்தான் கயிறு மெய்யான கயிறாயிற்று என்பேன். வேலைக்கு வராதோர் விகிதம் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டுக்கு இறங்கியது. தரம் ஜப்பானிய ஆலைக்கு ஈடாக வந்தது. அந்தப் பயிற்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ஷூக் பிற்காலத்தில் இதைப் பற்றி எழுதியபோது, எண்ணத்தை மாற்றிச் செயலை மாற்றலாம் என்று நாம் நினைக்கிறோம், அங்கே நடந்தது அதற்கு நேர்மாறு என்றார். செயலை மாற்றினார்கள், எண்ணம் பின்னால் வந்தது.

ஜெனரல் மோட்டார்ஸின் வான் நைஸ் ஆலை இந்த முறையைத் தானும் கொண்டுவர முயன்றது. அங்கே அது வேர்பிடிக்கவில்லை. 1992-இல் அந்த ஆலை மூடப்பட்டது. கயிற்றை வாங்கித் தொங்கவிடலாம். அதை இழுப்பவருக்குப் பின்னால் நிற்கும் வாக்குறுதியை வாங்க முடியாது.

இன்னொரு சிறு நிகழ்ச்சி. டொயோட்டாவின் கென்டக்கி ஆலையில் ஓர் அமெரிக்க மேலாளர் வாராந்தரக் கூட்டத்தில் தம் பிரிவின் வெற்றிகளை அடுக்கினார். ஆலைத் தலைவர், பின்னாளில் டொயோட்டாவுக்கே தலைவரான ஃபுஜியோ சோ. அவர் மெல்லக் குறுக்கிட்டு, நீங்கள் நல்ல மேலாளர் என்பது எங்களுக்குத் தெரியும், சிக்கல்களைச் சொல்லுங்கள், சேர்ந்து தீர்ப்போம் என்ற பொருளில் சொன்னார். அந்த மேலாளர் பல ஆண்டுகள் கழித்தும் அதை நினைவுகூர்ந்தார். பளிச்சென்று பேசும் நாட்டில் வளர்ந்தவருக்குக் குறையை எடுத்துச் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் ஜப்பானியர்.

இப்போது ஜெர்மனிக்கு வருவோம். நேரடிப் பேச்சுக்குப் பெயர்போன நாடு. 1998-இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் இணைந்தன. சுமார் 3,600 கோடி டாலர் மதிப்புள்ள இணைப்பு. சமமானவர்களின் இணைப்பு என்று அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2000-இல், டைம்லர் தலைவர் யூர்கன் ஷ்ரெம்ப் ஒரு நாளிதழுக்குப் பேட்டியளித்தார். கிரைஸ்லரைத் தம் நிறுவனத்தின் ஒரு பிரிவாக வைப்பதே தொடக்கத்திலிருந்து தாம் எண்ணியது என்றும், அதை அப்போதே சொல்லியிருந்தால் இணைப்பு நடந்திருக்காது என்றும் பொருள்படப் பேசினார். கிரைஸ்லரின் பெரும் பங்குதாரர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2007-இல் கிரைஸ்லரின் பெரும்பகுதியை விற்றுவிட்டு டைம்லர் விலகியது. இந்த இணைப்பைப் பற்றிய பாடங்களில், ஜெர்மானியர் நீண்ட அறிக்கை எழுதுவார்கள், அமெரிக்கர் சுருக்கமாகப் பேசி முடிப்பார்கள் என்பதெல்லாம் நிறைய வரும். எனக்கோ அந்தப் பேட்டி ஒன்றே போதும். கூட்டத்தில் முகத்துக்கு நேரே குறை சொல்லும் வழக்கமுள்ள நாட்டவர், எது தமக்கு இழப்பைத் தருமோ அதை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொண்டார். விலை கொடுக்க நேரும் இடத்தில் எல்லா நாட்டாரும் மறைமுகமாகப் பேசத் தெரிந்தவர்களே.

வால்மார்ட் ஜெர்மனியில் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1997-இல் நுழைந்தது, 2006-இல் 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகைக்கச் சொன்னதும், பொருள்களைப் பையில் போட்டுக் கொடுத்ததும் ஜெர்மானியருக்குப் பிடிக்கவில்லை என்பதே அதிகம் பேசப்படும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மேலாண்மையின் மொழியாக ஆங்கிலத்தை வைத்ததும், ஜெர்மன் தெரியாத ஒருவரைத் தலைமையில் அமர்த்தியதும்தான். அந்த மண்ணில் பல ஆண்டு கடை நடத்தியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல, தங்களுக்கு வராத மொழியைக் கடந்து வர வேண்டியிருந்தது. ஊழியர் நடத்தை விதிகளில் சிலவற்றை 2005-இல் வூப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றம் செல்லாதவை என்றது. சொல்ல வேண்டியதை அங்கே நீதிமன்றம் போய்ச் சொல்ல நேர்ந்தது.

டொயோட்டாவைப் புகழ்ந்த நான் அதன் சறுக்கலையும் சொல்ல வேண்டும். 2009, 2010 ஆண்டுகளில் கார்கள் தாமாக வேகமெடுப்பதாக அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. லட்சக்கணக்கில் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2010 பிப்ரவரியில் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். பிறகு டொயோட்டாவே அமெரிக்காவின் முன்னாள் போக்குவரத்துத் துறைச் செயலர் ராட்னி ஸ்லேட்டர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2011 மே மாதம் வந்த அதன் அறிக்கை கூர்மையானது. முடிவுகள் எல்லாம் ஜப்பானில் குவிந்திருந்தன என்றது. ஆலைக்குள் தொழிலாளி சுட்டும் பிழையை வரவேற்கும் நிறுவனம், வெளியிலிருந்து வாடிக்கையாளரும் அரசும் சுட்டும் பிழையை ஐயத்தோடும் தற்காப்போடும் எதிர்கொண்டது என்றது. கயிறு ஆலைக்குள் இருந்தது. கடலைத் தாண்டித் தலைமையகத்துக்கு அது நீளவில்லை. நாடு அதே, நிறுவனம் அதே, பண்பாடும் அதே.

நம் மண்ணுக்கு வருகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் முதல் கார்களை வெளியிட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோவும் நிசானும், 2012-இல் டைம்லரின் லாரி ஆலையும் வந்தன. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் அலுவலகங்கள். நம் பிள்ளைகள் கொரியரோடும் ஜப்பானியரோடும் ஜெர்மானியரோடும் அமெரிக்கரோடும் நாள்தோறும் பேசுகிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு குறை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: இந்தியர்கள் எதற்கும் முடியாது என்று சொல்வதில்லை; எல்லாவற்றுக்கும் சரி என்கிறார்கள்; பிறகு கெடு தவறுகிறது. இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் குறையில் உண்மை இருந்தாலும் காரணம் தவறாகச் சொல்லப்படுகிறது.

ஒரு திட்டக்குழுவை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் நிலையான தொகைக்கு. கெடு போட்டது கிளையன்ட். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் கிளையன்ட் கையில். இரவு எட்டரை மணிக்கு ஸ்டேட்டஸ் கால். அழைப்பில் அந்தப் பக்கம் நான்கு பேர், இந்தப் பக்கம் மேலாளர், அவருக்குக் கீழே இரண்டாண்டு அனுபவமுள்ள பெண். மாட்யூல் இந்த வாரம் முடியாது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அவள் வாய் திறந்தால் நாளைக்கு எஸ்கலேஷன் மெயில் வரும், ஆண்டு மதிப்பீட்டில் எதிரொலிக்கும், ஆன்சைட் வாய்ப்பு தள்ளிப்போகும். அவள் சரி என்கிறாள். இதைத் தமிழ்ப் பண்பாடு என்றோ இந்தியப் பணிவு என்றோ சொல்வது நியாயமா? அதே நிலையில் டெட்ராய்ட்டின் அமெரிக்கப் பெண்ணை அமர்த்தினால் அவளும் சரி என்றுதான் சொல்வாள். ஃப்ரீமாண்டில் பிழையைப் பார்த்தும் வாய்மூடி இருந்தார்களே.

2000-களின் தொடக்கத்தில் நம் கால் சென்டர்களில் இளைஞர்களுக்கு அமெரிக்க உச்சரிப்பைப் பயிற்றுவித்தார்கள், அமெரிக்கப் பெயர்களைச் சூட்டினார்கள். அழைப்பின் மறுமுனையில் இருப்பவருக்குச் சற்றும் சிரமம் நேரக் கூடாதென்று, தன் பெயரையே கழற்றி வைத்துவிட்டு வரும்படி ஒருவரைக் கேட்டோம். இன்றும் பண்பாட்டுப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் வகுப்புகள் பலவும் ஒருவழிப் பாதையே. வாங்குபவர் எப்படிப் பேசுகிறாரோ அப்படி விற்பவர் மாற வேண்டும். கேட்பவருக்குக் குறிப்பறிதல் கற்பிப்பதில்லை. ஒரு கேள்விக்குப் பிறகு நேரும் சிறு மௌனம் என்ன சொல்கிறது, செய்துவிடலாம் என்பதற்கும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று கிளையன்ட்டின் மேலாளருக்கு யாராவது வகுப்பெடுக்கிறார்களா?

வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு களப்பணியை முன்வைக்கிறேன். இந்த ஆண்டு ஒரகடத்துக்கோ சிறுசேரிக்கோ ஆய்வுக்குப் போகிறவர்கள், அங்குள்ள வெளிநாட்டவர் எப்படிக் கைகுலுக்குகிறார்கள் என்று கேட்க வேண்டாம். வேலையை நிறுத்தும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று கேளுங்கள். அதை எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கடைசியாகப் பயன்படுத்தியவர் யார் என்றும், அவர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். தாமதத்தை முன்கூட்டியே அறிவித்தால் அபராதம் இல்லை என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று, பார்க்க அனுமதித்தால், பாருங்கள். கிடைக்கும் விடைகளை நிறுவனவாரியாக, பதவிவாரியாகத் தொகுத்து உங்கள் துறையிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருபவருக்கு ஹொஃப்ஸ்டெடவின் எண்களைவிட அவை உதவும்.